பட்டா இருந்தால் போதுமா?

(பங்குப் பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற மூன்று நாள் மாலைக் கூட்டங்களில், இரண்டாம் நாளன்று "அன்றாட வாழ்வில் நம் விசுவாசம்" என்னும் பொருள்பற்றி மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கரும்புக் காட்டிலிருந்தும் நெற்களத்திலிருந்தும் நேரே வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கடையைச் சற்று முன்னதாகவே அடைத்துவிட்டு வந்தவர்களும் இருக்கிறீர்கள். களைத்த உடம்போடு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அரை மணி நேரத்துக்கு மேல் பேசுவதில்லை என்று பங்குத் தந்தைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். வாக்குத் தவறினால் கோவில்பிள்ளை மணியை அடித்துவிடலாம்.

யூபிலியும் கல்வராயனும்

பொன்விழா என்றதும் நமக்குத் தோரணமும் தேரும் அன்னதானமும் நினைவுக்கு வருகின்றன. அவையெல்லாம் வேண்டியவைதாம். ஆனால் யூபிலி என்ற சொல் பிறந்த இடத்தை ஒரு கணம் பார்ப்போம். லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரத்தில் அது இருக்கிறது. ஏழு ஏழாண்டுகள், ஆக 49 ஆண்டுகள் கழிந்து, 50-ஆம் ஆண்டு பிறக்கும்போது எக்காளம் ஊத வேண்டும். வறுமையினால் தன்னையே விற்றுக்கொண்டவன் விடுதலை பெற்றுத் தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். வறுமையினால் நிலத்தை விற்றவனுக்கு அந்த நிலம் திரும்பக் கிடைக்க வேண்டும். அப்படியானால் யூபிலி என்பது திருப்பிக் கொடுக்கும் ஆண்டு.

நம் ஊருக்கு மேற்கே நீலமாய்த் தெரிகிறதே கல்வராயன் மலை, அந்த மலையில் இப்படி ஒரு விடுதலை உண்மையிலேயே நடந்தது. நாடு 1947-இல் சுதந்தரம் பெற்ற பின்னரும் பல ஆண்டுகள் அந்த மலைக் கிராமங்கள் ஜாகீர்தார்களின் கையில் இருந்தன. அங்கே தலைமுறை தலைமுறையாய்ச் சாமையும் தினையும் விதைத்து வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்கள், தாங்கள் உழுத மண்ணுக்குத் தாங்கள் உரிமையுள்ளவர்கள் என்று சொல்ல முடியாமல் இருந்தார்கள். கூலியில்லாமல் வேலை செய்தவர்களும் உண்டு. 1976-ஆம் ஆண்டில்தான் அந்த ஜாகீர் முறை முடிவுக்கு வந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியதும் அதே 1976-இல்தான். 1976-உடன் ஐம்பதைக் கூட்டினால் 2026. விவிலியக் கணக்கின்படி பார்த்தால் அது அந்த மலையின் யூபிலி ஆண்டு.

இந்த வரலாற்றை நான் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சட்டம் ஒரே நாளில் விடுதலை கொடுத்துவிட்டது. ஆனால் அந்த விடுதலை மலைவீட்டு வாசலுக்கு வந்து சேர ஒரு நாள் போதவில்லை. சாலை, பள்ளி, ஆஸ்பத்திரி, நிலத்துக்கான காகிதம் என்று ஒவ்வொன்றும் மெல்ல மெல்லத்தான் மலையேறியது. அம்மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-ஆம் ஆண்டில்கூடத் தானாக முன்வந்து வழக்காக எடுத்து விசாரிக்க வேண்டியிருந்தது. கொடுக்கப்பட்ட உரிமை வேறு. அதை அன்றாடம் வாழ்ந்து அனுபவிப்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் நெடுந்தூரம் இருக்கிறது.

பட்டாவும் உழவும்

நம் விசுவாசமும் இப்படித்தான். நம்மில் பெரும்பாலோர் கைக்குழந்தையாக இருக்கும்போதே ஞானஸ்நானம் பெற்றவர்கள். குருவானவர் கேட்ட கேள்விகளுக்கு நமக்குப் பதிலாக ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் விடை சொன்னார்கள். நாம் அழுதுகொண்டிருந்தோம், அல்லது தூங்கிக்கொண்டிருந்தோம். கோவில் புத்தகத்தில் நம் பெயர் ஏறிவிட்டது. அது ஒரு பட்டா போன்றது. நமக்கு முன்னே வந்த இயேசு சபைத் துறவிகள், அவர்களுக்குப்பின் 1776 முதல் பொறுப்பேற்ற பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள், கல்வெட்டில் பெயரில்லாத உபதேசியார்கள், முழங்காலில் நின்று நமக்குச் செபம் சொல்லிக்கொடுத்த பாட்டிமார் எனப் பலர் சேர்ந்து நம் கையில் கொடுத்த பட்டா அது. விலை கொடுத்து வாங்கியதன்று, இலவசமாகக் கிடைத்தது.

ஆனால் விவசாயிகளாகிய உங்களுக்குத் தெரியும். பட்டா பெட்டியில் இருந்தால் போதுமா? உழாத நிலத்தில் முள்தானே முளைக்கும்? அன்று ஞானப்பெற்றோர் நமக்காகச் சொன்ன பதிலை இன்று நாமே சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லும் இடம் இந்தக் கோவில் மட்டுமன்று. ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரோடும் சேர்ந்து விசுவாசப் பிரமாணம் சொல்வது எளிது. பக்கத்தில் இருப்பவர் குரல் நம் குரலையும் தூக்கிக்கொண்டு போய்விடும். திங்கட்கிழமை காலையில் நாம் தனியாக நிற்கிறோம். விசுவாசம் நமக்குச் சொந்தமாவது அப்போதுதான்.

முப்பதும் மூன்றும்

"நாங்கள் சாதாரண ஜனங்கள். விசுவாசத்தைப் பற்றியெல்லாம் சாமியார்களும் கன்னியர்களும் யோசிக்கட்டும்" என்று சிலர் சொல்வதுண்டு. அவர்களுக்கு நாசரேத்தூரே பதில் சொல்கிறது. நம் ஆண்டவர் இவ்வுலகில் வாழ்ந்தது ஏறக்குறைய 33 ஆண்டுகள். போதித்ததும் புதுமைகள் செய்ததும் மூன்றாண்டு அளவே. மீதி முப்பது ஆண்டும் ஒரு சிற்றூரில், தச்சுப் பட்டறையில், யாரும் அறியாத உழைப்பிலே கழிந்தன. அந்த முப்பது ஆண்டும் வீண் என்று யாராவது சொல்வோமா? அந்த நாள்களிலும் அவர் மீட்பர்தானே!

அந்தப் பட்டறையின் தலைவரான சூசையப்பர் பேசியதாக நான்கு நற்செய்திகளிலும் ஒரு வார்த்தைகூட இல்லை. மத்தேயு நற்செய்தி நான்கு முறை அவருக்குக் கனவில் செய்தி வந்ததைச் சொல்கிறது. ஒவ்வொரு முறையும் அவர் எழுந்தார், செய்தார், அவ்வளவுதான். பேசாத மனிதரின் விசுவாசம் கையிலும் காலிலும் வெளிப்பட்டது.

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் கோணான்குப்பம் பெரியநாயகி மாதா கோவிலுக்கு நம்மில் எத்தனையோ பேர் ஜனவரித் திருவிழாவுக்குப் போய் வந்திருக்கிறோம். அந்தக் கோவிலைக் கட்டிய வீரமாமுனிவர், இத்தாலியிலிருந்து வந்து நம் தாய்மொழியில் தேம்பாவணி என்னும் பெருங்காப்பியம் இயற்றினார். 36 படலங்கள், 3615 பாடல்கள் கொண்ட நூல் அது. அந்த நூலுக்கு அவர் தேர்ந்துகொண்ட தலைவன் யார்? படைநடத்தி நாடு பிடித்த மன்னனா? இல்லை. வளன் என்று அவர் தமிழில் பெயரிட்ட நம் சூசையப்பர்! உளி பிடித்துப் பிழைத்த ஒரு மனிதர், காப்பியத்துக்குத் தலைவராகும் தகுதி உள்ளவர் என்று அவர் கண்டார். உங்கள் வாழ்க்கையும் அப்படி எழுதத் தக்கதே என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

திருச்சபையும் இதையே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில், ஓர் அதிகாரம் முழுவதும், புனித வாழ்வுக்கான அழைப்பு எல்லோருக்கும் உரியது என்று விளக்குகிறது. பாப்பரசர் பிரான்சிஸ் 2018-ஆம் ஆண்டு சூசையப்பர் திருநாளன்று கையொப்பமிட்ட ஊக்கவுரையில், நம் அடுத்த வீட்டிலேயே புனிதர்கள் வாழக்கூடும் என்பதை எடுத்துரைத்தார். பிள்ளை வளர்க்கும் தாய், குடும்பத்துக்காக உழைக்கும் தகப்பன், நோயில் கிடக்கும் முதியவர் ஆகியோரிடமே அவர் புனிதத்தைக் கண்டார்.

தராசு முனையில்

சரி, எங்கே தொடங்குவது? திருமுழுக்கு யோவானிடம் மக்கள் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று இதே கேள்வியைக் கேட்டார்கள். லூக்காஸ் நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில் படிக்கலாம். வரி தண்டுவோரும் வந்தார்கள், போர்ச்சேவகரும் வந்தார்கள். வேலையை விட்டுவிட்டுப் பாலைவனத்துக்கு வாருங்கள் என்று யோவான் அவர்களைக் கூப்பிடவில்லை. விதித்த வரிக்கு மேல் வாங்காதீர்கள், மிரட்டிப் பணம் பறிக்காதீர்கள் என்று அவரவர் வேலையிலேயே பதிலைக் காட்டினார்.

அதே யோவான் இன்று நம் பக்கம் வந்தால் எங்கே போய் நிற்பார்? மலையடிவாரத்துச் சந்தையில் நிற்பார் என்று நினைக்கிறேன். மலையிலிருந்து கடுக்காயும் புளியும் தேனும் சாமையும் இறங்குகின்றன. சுமந்து வந்தவருக்கு அவசரம். அன்றைக்கே காசாக்கிக்கொண்டு கடைசி பஸ்ஸில் ஏற வேண்டும். வாங்குகிறவர் கையில் தராசு இருக்கிறது. மரவள்ளி கொண்டுபோகும் விவசாயியின் விலையை மாவுச்சத்துப் பாயின்ட் தீர்மானிக்கிறது. அந்தப் பாயின்டைப் பார்த்துச் சொல்கிறவர் ஒருவர் இருக்கிறார். கரும்பு வண்டி எடைமேடையில் ஏறுகிறது. எண்ணைப் பார்த்து எழுதுகிறவர் ஒருவர் இருக்கிறார். அந்த ஒருவர் நம் பங்கைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம் அல்லவா?

ஒரே பையில் கனமான கல்லும் இலேசான கல்லும் வைத்திருப்பது ஆண்டவருக்கு அருவருப்பு என்று உபாகமம் கண்டிக்கிறது. தராசில் கள்ளம் செய்து ஏழையை விலைக்கு வாங்குவோர்மேல் ஆமோஸ் இறைவாக்கினர் சீறி விழுகிறார். மலைக்காரர் ஒருவருக்கு ஒரு கிலோவைக் குறையாமல் ஒரு கிலோவாகவே கணக்கிட்டுக் கொடுக்கிற அந்த நொடியில், யாரும் பாராத அந்த இடத்தில், ஒருவர் விசுவாசப் பிரமாணத்தை முழுமையாகச் சொல்லி முடிக்கிறார். அதற்குச் செலவு உண்டு, வருமானம் குறையும். செலவில்லாத விசுவாசம் இன்னும் நம்முடையதாகவில்லை என்றே பொருள்.

கருணாபுரம் கேட்கும் கேள்வி

அடுத்துச் சொல்லப்போவது வலிக்கும். ஆனாலும் நம் மாவட்டத்தில் நின்றுகொண்டு விசுவாசத்தைப் பற்றிப் பேசுகிறவன் இதைத் தாண்டிப் போக முடியாது. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனால் என்னும் நச்சு கலந்த பாக்கெட் அது. இறந்தவர்களில் பெரும்பாலோர் மூட்டை தூக்கியும் கூலி வேலை செய்தும் பிழைத்தவர்கள். தாயும் தகப்பனும் ஒருசேரப் போய், பிள்ளைகள் மட்டும் நின்ற வீடும் உண்டு.

குடித்தார்கள், செத்தார்கள் என்று சிலர் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். விசுவாசிக்கு அந்தச் சுருக்கம் ஆகாது. ஒரு பாக்கெட் ஒருவன் கைக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை கைகள் மாறுகின்றன! ஒருவர் நச்சைக் கலந்தார். ஒருவர் வண்டியில் ஏற்றினார். ஒருவர் விற்றார். ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு பாராமுகமாயிருந்தார். இவர்களை எல்லாம் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் தெரிந்தும் ஒன்றும் சொல்லாமல் ஜன்னலைச் சாத்திக்கொண்ட வீடுகள் எத்தனை? "நமக்கு எதற்கு வம்பு" என்னும் வார்த்தை எந்தச் செபப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் நாம் அதிகமாகச் சொல்லும் வார்த்தை அதுவாகவே இருக்கிறது. காயீன் ஆண்டவரிடம் சொன்ன பதிலும் ஏறத்தாழ இதுதானே!

கணவன் குடியை விட வேண்டுமென்று தினமும் செபமாலை சொல்லும் தாய்மார் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் செபம் வீண்போகாது. ஆனால் அந்தச் சுமையை நீங்கள் தனியாகத் தூக்க வேண்டியதில்லை. அவனைத் திருவிழாக் கூட்டத்தில் கேலி செய்வதை நாம் நிறுத்த வேண்டும். மருத்துவரிடம் அழைத்துப் போக இருவர் துணைக்கு வர வேண்டும். குடியை விட்ட பிறகு அவனுக்கு ஒரு வேலையும் பேச்சுத் துணையும் வேண்டும். இதை அன்பியக் கூட்டத்திலே பேசாவிட்டால் பிறகு எதைத்தான் பேசுவது?

பதில் தெரியாத வேளை

விசுவாசம் இருந்தும் மனம் வறண்டு கிடக்கிற வேளையும் நம் எல்லோருக்கும் வருகிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவர், மழை தவறி வயல் காய்ந்தவர், "ஆண்டவர் ஏன் இப்படிச் செய்தார்?" என்று கேட்டால் என்ன சொல்வது? யோபுவின் நண்பர்கள் ஏழு நாளும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையிலே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே சிறந்தது அதுதான். வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் தவறினார்கள். துக்க வீட்டில் விளக்கம் சொல்ல அவசரப்படாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள்.

அந்த யோபுவின் கதையைக் கேட்டு வாழ்க்கை திரும்பிய ஒருவர் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளை, குடும்பத்தில் இழப்புகள் வந்து மனமுடைந்திருந்த காலத்தில், டச்சுத் தளபதி தெ லனாய் அவருக்கு யோபுவைப் பற்றிச் சொன்னார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பிறகு எல்லாச் சாதியாரோடும் சரிசமமாகப் பழகினார். அதனால் பகையும் பாடும் வந்தன. 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவரே. மனைவியோடு இல்லறம் நடத்திய மனிதர். அவர் படத்தை நாம் கோவிலில் மாட்டலாம். ஆனால் கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிவாரியாகப் பிரித்துப் புதைக்கும் வழக்கம் தமிழகத்தில் இன்னும் முற்றும் ஒழியவில்லையே. அதைப் பார்த்து அவர் என்ன சொல்வார்?

செபிக்கும்போது ஒன்றும் உணர முடியவில்லை என்று வருந்துகிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை. அன்னை தெரேசா தம் உள்ளத்தில் நெடுங்காலம் இருளையே உணர்ந்தார் என்பது 2007-இல் அவருடைய கடிதங்கள் நூலாக வந்தபோது உலகுக்குத் தெரிந்தது. அவர் காத்திருக்கவில்லை, அந்த இருளோடேயே எழுந்து போய்த் தெருவில் கிடந்தவரைத் தூக்கினார். உணர்ச்சி வந்த பிறகு விதைப்போம் என்று எந்த உழவனும் காத்திருப்பதில்லை. பருவத்தில் விதைக்கிறான், மழையை ஆண்டவரிடம் விடுகிறான்.

பிடியரிசி

கடைசியாக, நம் வீட்டுக்குள் வருவோம். நம் பாட்டிமார் காலத்தில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் இருந்தது. சில வீடுகளில் இன்றும் இருக்கிறது. உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். வாரக் கடைசியில் அது கோவிலுக்கோ ஏழை வீட்டுக்கோ போகும். அரிசி மிகுந்திருந்த வீட்டில் மட்டும் நடந்ததன்று இது. பற்றாக்குறை வீட்டிலும் நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய்மார் விசுவாசத்துக்கு விளக்கம் சொன்னதில்லை. அந்த ஒரு பிடியை எடுக்கும் கை, இந்தச் சோறு எங்கள் சாமர்த்தியத்தால் வந்ததன்று, கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார், பசியோடிருப்பவர் ஒருவரும் இருக்கிறார் என்று தினமும் அறிக்கையிட்டது.

அதேபோல் நம் நாளிலிருந்து மூன்று பிடி எடுத்து வைப்போம். காலை மணி அடிக்கும்போது, அன்று நாம் சந்திக்கப்போகும் ஒருவர் பெயரைச் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைப்போம். நமக்குப் பிடிக்காதவர் பெயராக இருந்தால் இன்னும் நல்லது. மதியம் மூவேளைச் செப மணி கேட்கும்போது, வயலிலோ கடையிலோ அலுவலகத்திலோ கை வேலையை ஒரு நிமிடம் நிறுத்துவோம். இரவு படுக்குமுன் ஆன்ம சோதனை செய்யும்போது பாவங்களை மட்டும் எண்ணாமல், இன்று ஆண்டவர் எந்த முகத்தோடு என் எதிரே வந்தார், நான் கண்டுகொண்டேனா என்று கேட்போம். ஒரு மாதம் செய்து பாருங்கள்.

இது யூபிலி ஆதலால், திருப்பிக் கொடுக்கவும் ஒன்று வேண்டும். கூலிப் பாக்கி வைத்திருப்பவர் அதைத் தீர்க்கட்டும். வட்டிக்கு வட்டி வாங்குகிறவர் ஓர் ஏழையின் கணக்கைக் கிழித்துப் போடட்டும். பேச்சு வார்த்தை இல்லாமலிருக்கும் அண்ணன் தம்பி பேசிக்கொள்ளட்டும். படித்த இளைஞர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு வெள்ளிமலைப் பக்கம் ஏறிப் போய், அங்குள்ள பிள்ளைகளுக்குப் பாடமும், பெரியவர்களுக்கு மனு எழுத உதவியும் கொடுக்கட்டும். தேர் நிலைக்கு வந்து, பந்தலைப் பிரித்த பிறகும் நம் பொன்விழா நடந்துகொண்டிருக்க வேண்டுமானால், இப்படி ஏதாவது ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் நடந்தாக வேண்டும்.

பட்டா நம் பெயரில் இருக்கிறது. நிலம் நல்ல நிலம். கலப்பையும் ஆண்டவர் கொடுத்துவிட்டார். நாளை காலையில் ஏர் பூட்டுவதுதான் பாக்கி.

சூசையப்பர் நமக்காக வேண்டிக்கொள்வாராக. பெரியநாயகி மாதா நம் வயல்களையும் வீடுகளையும், கல்வராயன் மலைமக்களையும், கருணாபுரத்துப் பிள்ளைகளையும் தம் சேலை நிழலில் காப்பாராக. 

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!